தொட்டுருச்சுல்ல சார்

"நடுவரே ஒண்ணும் சொல்லலையேடா, நீயா ஏன் வெளிய போன?" இவ்வளவுதான் கேட்டேன். "தொட்டுருச்சுல்ல சார்" என்றான் எங்கள் கபடி அணியின் இடது கார்னர் பையன்.

அப்போது களத்தில் எங்கள் பிள்ளைகள் மூன்றே பேர். மூன்று பேராக இருக்கும்போது பாடி வருபவனைப் பிடித்தால் அது சூப்பர் டேக்கிள், இரண்டு பாயிண்ட். பாடி வந்தவனின் கால் கட்டைவிரல் இவன் குதிகாலில் உரசியது. மேலூர்ப் பக்கத்துச் செம்மண் புழுதியில் அது நடுவர் கண்ணில் படவில்லை. இவனே கையைத் தூக்கிவிட்டுப் போய் உட்கார்ந்தான். அதற்கு எதிரணிக்கு ஒரு பாயிண்ட். மிச்ச இரண்டு பேரும் அடுத்தடுத்து அவுட். மொத்த அணியும் அவுட்டானால் லோனா, அதற்கு இன்னும் இரண்டு. தோற்றதே இரண்டு பாயிண்டில்தான்.

கை தூக்கப் பழக்கியதும் நான்தான். பயிற்சியில் நடுவர் கிடையாது, பட்டவன்தான் சொல்லணும். தகராறு வந்தால் அந்த ரெய்டு செல்லாது, திரும்பப் பாடணும். திரும்பப் பாட மூச்சு வேண்டுமே, அதனாலேயே பத்து நாளில் பொய் குறைந்துவிடும். கத்திரிக்கால் போடாதே, வாயைப் பொத்தாதே என்பதெல்லாம் விதியிலேயே இருக்கிறது. சொல்லிக்கொடுக்க வேண்டியது விசிலுக்குப் பிறகு நடப்பதை. சங்கிலி போட்டவர்கள் முதலில் கோத்த கையை விடணும். மேலே கிடப்பவன் உருண்டு விலகணும், காலை ஊன்றி எழக்கூடாது. ஊன்றினால் அடியில் கிடப்பவன் முழங்கால் போய்விடும். விலகியபிறகு அவனுக்குக் கை கொடுத்துத் தூக்கணும். மேட்சு முடிந்து வரிசையில் நின்று கை குலுக்குவதை விட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

ஆனால் போட்டிக்குப் போனால் வேறு பாடம் சொல்கிறோம்: நடுவர் சொன்னால் சொன்னதுதான். படாமலே அவுட் கொடுத்தாலும் வாயைத் திறக்காமல் போ, கேட்பதைக் கேப்டன் கேட்பான். அப்படியென்றால் பட்டும் கொடுக்காதபோது நின்று ஆடுவதும் தீர்ப்புக்குக் கட்டுப்படுவதுதானே? இந்தக் கணக்கு எனக்கு ரொம்ப நேரம் சரியாகத்தான் பட்டது. மற்ற ஆறு பேர் ஓடி ஓடிச் சேர்த்ததை ஒருத்தன் விட்டுக்கொடுக்கலாமா என்றும் சேர்த்துக்கொண்டேன். மாட்டுத்தாவணி வரும்வரை பஸ்ஸில் ஒருவரும் அவனோடு பேசவில்லை. நானும்தான்.

அவனைத் திட்டவில்லை, கேட்டேன், அவ்வளவுதான். அந்தக் கேள்வியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்காமலே விட்டிருக்கலாம்.

திங்கட்கிழமை பயிற்சியில் அவன் முழங்கையில் விரல் பட்டது. கையைத் தூக்கினான், தூக்குவதற்கு முன்னால் ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தான்.