போன வருசம் விடுபட்டவர்கள்

எங்கள் வரலாற்று சேரிடம் தடித்த சீ.ஆர். கொப்பி ஒன்று இருந்தது. எங்கள் கல்லூரியில் எழுபதுகளில் படித்தவர்களுக்கு இந்த ஒரு வரியே போதும். அந்தச் சிவப்பு மட்டை கண்ணுக்குள் வந்திருக்கும். மூன்றாம் தவணை முடியும் நாள் காலைக் கூட்டத்தில் சேர் அதைத் திறப்பார். அந்த ஆண்டில் காலமானவர்களைத் திகதி வரிசையில் வாசிப்பார். பெயர், ஊர், வயது, செய்த வேலை. ஆளுக்கு ஒரு வரி, அதற்குமேல் இல்லை. மன்னனானாலும் வண்டிக்காரனானாலும் அந்த ஒரு வரிதான்.

வாசிப்பு எப்போதும் "போன வருசம் விடுபட்டவர்கள்" என்றுதான் தொடங்கும். பாடசாலை டிசம்பர் முற்பகுதியில் மூடிவிடும். அதற்குப் பிறகு கண்மூடுகிறவர்களை அடுத்த ஆண்டுதான் வாசிக்க முடியும். ராஜாஜி 1972 டிசம்பர் 25இல் காலமானார். பெரியார் 1973 டிசம்பர் 24இல். ஆயுள் முழுக்க எதிரெதிர்ப் பக்கம் நின்றும் நட்பை விடாத அந்த இருவருமே சேரின் கொப்பியில் விடுபட்டவர்களாகத்தான் நுழைந்தார்கள். இருவருக்கும் வயது 94. சேர் அதை இரண்டாம் முறை வாசித்தபோது ஒரு கணம் நிறுத்தி எங்களைப் பார்த்தது நினைவிருக்கிறது. விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

கொப்பி தொடங்கியது 1947இல். அப்போது அவர் பதினான்கு வயது மாணவர். அந்த ஆண்டு யூலை 19இல் சுவாமி விபுலாநந்தர் கொழும்பில் மறைந்தார். உடலை மட்டக்களப்புக்குக் கொண்டுவந்து கல்லடி உப்போடையில், அவர் வளர்த்த சிவானந்த வித்தியாலயத்து மண்ணில் சமாதி வைத்தார்கள். காரைதீவில் பிறந்து, அண்ணாமலையிலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். பழந்தமிழ் இசைபற்றி அவர் எழுதிய யாழ் நூல் அரங்கேறி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, வயது 55. சேர் சனத்தோடு சனமாக நின்று அழுதாராம். இரண்டு நாள் கழித்துப் பத்திரிகையில் பார்த்தால், அதே யூலை 19இல் ரங்கூனில் பர்மாவின் விடுதலைத் தலைவர் ஆங் சானைக் கூட்டமொன்றில் வைத்துச் சுட்டிருக்கிறார்கள். வயது 32. "நாங்க இங்க அழுதிட்டிருக்கக்குள்ள அங்கயும் ஒரு ஊர் அழுதிருக்கு மகன். அத அண்டைக்கு எங்களுக்குத் தெரியா" என்றார் ஒருமுறை. அந்த இரண்டு பெயரும்தான் கொப்பியின் முதல் பக்கம்.

இரவு மெயில் கோச்சியில் வருகிற வீரகேசரி, தினகரன், வானொலியில் மரண அறிவித்தல், பிபிசி தமிழோசை. இவைதான் அவருடைய ஊற்று. கேள்விப்பட்டதும் பென்சிலால் எழுதுவார். திகதியும் வயதும் இரண்டாவது இடத்திலும் சரியென்று கண்டால் மையால் இன்னொரு பக்கத்தில் படியெடுப்பார். ஊர்ப் பெயர்களுக்குப் பத்திரிகை இல்லையே. அவை பென்சிலோடே நிற்கும்.

ஓம், ஊர்ப் பெயர்களும் இருந்தன. 1977ஐ எடுங்கள். பெப்ரவரியில் ஜீ.ஜீ. பொன்னம்பலம், ஏப்ரல் 26இல் தந்தை செல்வா. ஒரே ஆண்டில் எங்கள் தமிழ்த் தலைவர்கள் இரண்டு பேரும். மண்டபம் மூச்சுக் காட்டவில்லை. அதே பட்டியலில், அதே குரலில், வாவிக்கு அப்பால் படுவான்கரையில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குக் கொப்பூழ்க்கொடி அறுத்த மருத்துவிச்சி ஒருவரையும், வடமோடிக் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவரையும் வாசித்தார். தலைவர்களோடு இவர்களைச் சேர்ப்பதா என்று ஆசிரியர் அறையில் முணுமுணுப்பு எழுந்ததாகக் கேள்வி. எனக்கு அன்றே அது சரியாகப் பட்டது, இன்றும் அப்படித்தான். அந்த மருத்துவிச்சியின் கையில் விழுந்தவன் நான்.

1978இன் பக்கத்தைச் சேர் சாளி சப்ளினோடு தொடங்கியிருந்தார். 1977 நத்தாரன்று போனவர். பிறகு ஓகஸ்ட் 6இல் ஆறாம் பவுல் பாப்பரசர். அவருக்குப் பின் வந்த முதலாம் அருளப்பர் சின்னப்பர் 33 நாள் மட்டும் இருந்து செப்டெம்பர் 28இல் போனார். எங்கள் வகுப்புக் கத்தோலிக்கப் பிள்ளைகள் இரண்டு முறை கறுப்புப் பட்டி குத்தி வந்தார்கள். கென்யாவின் ஜோமோ கென்யாட்டாவுக்கு வயது போடவில்லை, இடத்தை வெறுமையாக விட்டிருந்தார். பிறந்த நாள் யாருக்கும் திட்டமாகத் தெரியாதாம். மருத்துவிச்சிக்கும் அதே இடம் வெறுமைதான். நவம்பர் 2இல் மண்டூர் தந்த புலவர்மணி பெரியதம்பிப்பிள்ளை. கீதையை வெண்பாவில் தந்தவர். அன்று மாலை சேர் வகுப்பில் பாடம் எடுக்கவில்லை. அந்த வெண்பாக்களைக் கொப்பி பாராமல் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மூன்று கிழமை கழித்து, நவம்பர் 23, வியாழக்கிழமை, மட்டக்களப்பில் சூறாவளி.

அந்த இரவை எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன். நடுவில் காற்று நின்றது. முடிந்துவிட்டது என்று நினைத்துப் பலர் வெளியே வந்தார்கள், ஆட்டைத் தேடி, அயலைத் தேடி. அது சூறாவளியின் கண். பிறகு மறுபக்கத்திலிருந்து அடித்தது. முதல் காற்றுக்கு நின்றுபிடித்த சுவர்கள் இரண்டாவதற்குச் சரிந்தன. இறந்தவர்கள் 900க்கு மேல் என்றது கணக்கு. என் பக்கத்து வாங்கில் இருந்தவன் அந்த இடைவெளியில் வெளியே போனவன்.

கல்லூரி மண்டபத்துக்குக் கூரை இல்லை. ஆசிரியர் அறை அலுமாரி குப்புறக் கிடந்தது. கொப்பி ஊறிப் பருத்திருந்தது. சேர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய், தைத்த நூலை வெட்டி, அடுப்படிக் கொடியில் தாள் தாளாகக் காயவைத்தார். பாடசாலை திரும்பத் தொடங்கியபோது என்னோடு இன்னும் இருவரைக் கூப்பிட்டார். மையால் எழுதிய பக்கமெல்லாம் நீலக் குளம். பென்சில் எழுத்து அப்படியே இருந்தது. பிரதமர்களும் விஞ்ஞானிகளும் கரைந்துவிட, அண்ணாவியார்களும் வண்டிக்காரர்களும் எழுத்துக் கலையாமல் இருந்தார்கள். பென்சில் குறிப்புகளைப் பார்த்துப் பார்த்து முப்பத்தொரு வருசத்தையும் திரும்ப எழுதினோம். நான் படித்த வரலாற்றில் பாதி அந்த மேசையில் படித்தது.

1978இன் வாசிப்பு 1979 தைமாதத்தில்தான் நடந்தது, முற்றத்தில், வெயிலில். ஒவ்வொருவரும் தங்கள் ஊரில் போனவர்களின் விபரம் கொண்டுவரச் சொல்லியிருந்தார். பக்கத்து வாங்கு நண்பனின் பெயரை நான் கொடுத்தேன். "என்ன செய்வார்?" என்று கேட்டார். பதினான்கு வயதுப் பொடியன் என்ன செய்வான்? யோசித்துவிட்டு, மத்தளம் பழகினவன் சேர் என்றேன்.

பாப்பரசர்கள், கென்யாட்டா, புலவர்மணி, பிறகு நவம்பர் 23. அந்தத் திகதியில் பெயர்கள் முடியவேயில்லை. சேர் எல்லாரையும் "அவர்" போட்டுத்தான் வாசித்தார். "வயது 14. மத்தளம் பழகியவர்." எங்களில் யாரையும் அதுவரை யாரும் "அவர்" என்றதில்லை. பிறகு தாளங்குடாப் பக்கத்துக் கைக்குழந்தை ஒன்று. "பெயர் சூட்டப்படவில்லை. 9 நாள் இருந்தவர்." பின்வரிசையில் ஒரு பிள்ளை கேவத் தொடங்க, முற்றம் முழுவதும் உடைந்தது. சேர் நிறுத்திக் காத்திருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு "டிசம்பர் 8. கோல்டா மேயர். இஸ்ரேலின் முன்னாள் பிரதமர். வயது 80" என்று தொடர்ந்தார். திகதி வரிசை அப்படி. நான் அப்போது அவர்மேல் கோபப்பட்டேன். எத்தனையோ வருசத்துக்குப் பின்பு, இப்போது நான் இருக்கிற ஊர்ப் பத்திரிகையில் எங்கள் ஊர்ச் சாவுகள் பெயரில்லாமல் வெறும் எண்ணிக்கையாக வந்ததைப் பார்த்த ஒரு காலையில், அந்தக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

சேர் போன டிசம்பரில் ஊரில் காலமானார். தொண்ணூறைத் தாண்டியவர். எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டு மலர் அதற்குள் அச்சேறிவிட்டது. ஆகவே, சங்கத்தின் இவ்வாண்டு மறைவுப் பட்டியலில் திகதிகளுக்கு முன்னால் தனியே ஒரு பெயர் நிற்பதைக் காண்பீர்கள். மலர்க்குழுத் தம்பி அவரைப்பற்றி ஒரு வரி எழுதித் தரும்படி கேட்டார். ஒரு வரிக்குமேல் எழுதினால் சேர் வெட்டியிருப்பார். பெயர், ஊர், வயது, "வரலாறு படிப்பித்தவர்" என்று தாளில் பென்சிலால் எழுதிப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.