எடையைச் சொன்னால்தான் ஏற்றுவேன்

விமானம் ஓட்டக் கற்கப் போன முதல் வகுப்பில் விமானத்தின் பக்கமே போகவில்லை. கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் ரீட்-ஹில்வியூ விமான நிலையத்தை ஒட்டி ஒரு சின்ன அறை, ஒரு மேசை, எதிரே என் பயிற்சியாளர். அவருக்கு வயது 24, எனக்கு 43. பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "உங்க எடை எவ்வளவு?"

"175 பவுண்டு" என்றேன். கொஞ்சமும் கூசாமல் சொன்னேன். ஊரில் யார் கேட்டாலும் "எண்பது கிலோவுக்குள்ளதான்" என்று பல வருடமாகச் சொல்லிப் பழகிய வாய்.

அவர் 185 என்று எழுதிக்கொண்டார். காது சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று, "175" என்று மறுபடி சொன்னேன்.

"கேட்டுச்சு. எல்லாரும் பத்து குறைச்சுதான் சொல்வாங்க. நான் பத்து சேர்த்துப் போட்டுக்குவேன்."

இது 2018-ல். செஸ்னா 172 எஸ் என்பது நாலு சீட்டுள்ள சின்ன விமானம். விமானம், பெட்ரோல், ஆட்கள், பை எல்லாம் சேர்ந்து 2550 பவுண்டைத் தாண்டக் கூடாது. கிலோவில் 1157, ஒரு நல்ல காரைவிடக் குறைவு. மொத்த எடை மட்டும் சரியாக இருந்தாலும் போதாது, எது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் கணக்கு. என்ஜினுக்குப் பின்னாலுள்ள தடுப்பிலிருந்து முன் சீட்டுக்கு 37 அங்குலம், பின் சீட்டுக்கு 73 அங்குலம் என்று தனித்தனி தூரம் உண்டு. எடையைத் தூரத்தால் பெருக்கிக் கூட்டி, விமானம் எந்தப் பக்கம் சாயும் என்று பார்க்க வேண்டும். பின்பக்கம் கனம் மிஞ்சிப்போனால் மூக்கு தூக்கிக்கொள்ளும், அப்புறம் அதைக் கீழே இறக்குவது பெரும்பாடு. பூங்காவில் குழந்தைகள் ஆடும் ஏற்றப் பலகைதான், ஆனால் இது ஆகாயத்தில் ஆடும். பொய் சொல்வதற்கு உலகத்தில் எத்தனையோ இடம் இருக்க, நான் இதைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து மருத்துவப் பரிசோதனை. கண், காது, நிறம் பிரித்துப் பார்ப்பது எல்லாம் சரியாகவே போனது. கடைசியில் தராசில் ஏறச் சொன்னார்கள். "188" என்று செவிலியர் உரக்கப் படித்தார். வெளியே காத்திருந்த மனைவிக்கு அது கேட்டுவிட்டது. அன்றைக்கு அவளைக் கூட அழைத்துப் போனது என் தப்பு. காரில் ஏறியதும் கிலோவுக்கு மாற்றிப் பார்த்து, "எண்பத்தஞ்சு" என்றாள். வீடு வரும்வரை வேறு எதுவும் பேசவில்லை.

கும்பகோணத்தில் அம்மாவுக்குப் போனில் விஷயத்தைச் சொன்னேன். "கார் லைசென்ஸுக்கு எட்டு போடும்போது ரெண்டு தடவை காலை ஊணினவன்டா நீ" என்றாள். அது பைக் லைசென்ஸ் என்று திருத்தினேன். "எதுவா இருந்தா என்ன, அங்கேயும் ஆகாசத்துல எட்டு போடச் சொல்வாளா?" என்று கேட்டாள். விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு புத்தகத்தில் பார்த்தால், கமர்ஷியல் லைசென்ஸுக்கு நிஜமாகவே ஆகாயத்தில் எட்டு போட வேண்டுமாம். எனக்குத் தேவைப்பட்டது சொந்த உபயோகத்துக்கான சாதாரண லைசென்ஸ் என்பதால் தப்பித்தேன். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

ஓட்டக் கற்பதில் முதல் அடி தரையிலேயே விழுந்தது. தரையில் விமானத்தைத் திருப்புவது கையால் இல்லை, காலால். காலடியில் இரண்டு பெடல், இடதை அழுத்தினால் இடம், வலதை அழுத்தினால் வலம். கையில் இருக்கும் ஸ்டீயரிங் மாதிரியான வஸ்து தரையில் மூக்கைத் திருப்பாது. இது மூளைக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. 22 வருடம் கார் ஓட்டிய கை அதைப் பிடித்துச் சுற்று சுற்றென்று சுற்ற, விமானம் என்னைச் சட்டையே செய்யாமல் புல்தரையை நோக்கிப் போனது. பயிற்சியாளர் என் இரண்டு கைகளையும் எடுத்து என் மடியிலேயே வைத்துவிட்டார். சாமி கும்பிட உட்கார்ந்தவன் மாதிரி அரை கிலோமீட்டர் காலாலேயே ஓட்டினேன்.

மேலே போனால் அடுத்த பாட்டு: "ரைட் ரடர்!" அதாவது, வலது பெடலை அழுத்து. முன்னால் சுற்றும் விசிறி நம் பக்கமிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. முழு விசையில் ஏறும்போது விமானத்தின் மூக்கு இடப்பக்கம் இழுத்துக்கொண்டே போகும். வலது காலை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் நேராகப் போகலாம். என் கால் மறந்துகொண்டே இருந்தது. ஒரு மணி நேரப் பாடத்தில் அவர் நாற்பது தடவையாவது "ரைட் ரடர்" என்றிருப்பார். ஒருநாள் இரவு தூக்கத்தில் யாரோ சொன்ன மாதிரி இருக்க, காலை நீட்டி மனைவியை உதைத்துவிட்டேன்.

ஆனால் இதெல்லாம் ரேடியோவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

இருபது வருடமாக ஆங்கிலத்திலேயே மீட்டிங் நடத்திப் பிழைக்கிறவன் நான். டவரிடம், அதாவது விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திடம், சொல்ல வேண்டியது நாலே விஷயம்: யாரைக் கூப்பிடுகிறோம், நாம் யார், எங்கே இருக்கிறோம், என்ன வேண்டும். தாளில் எழுதி, தொடையில் கட்டிய பலகையில் செருகியும் வைத்திருந்தேன். பொத்தானை அழுத்தினேன். எழுதியது எதுவும் வாயில் வரவில்லை. வந்தது இதுதான்: "ஹலோ, ஆம் ஐ ஆடிபிள்?"

ஹெட்செட்டில் ஓரிரு நொடி நிசப்தம். அப்புறம் ஒரு நிதானமான குரல்: நீங்கள் பேசுவது நன்றாகக் கேட்கிறது, ஆனால் நீங்கள் யார்? பக்கத்தில் பயிற்சியாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து குளியலறையில் பயிற்சி. தண்ணீரைத் திறந்துவிட்டு டவரைக் கூப்பிடுவேன். மூன்றாம் நாள் கதவுக்கு வெளியிலிருந்து பதில் வந்தது. என் மகள், ஒன்பது வயது. "செஸ்னா, கோ அஹெட்" என்றாள். எனக்கும் அது வசதியாகப் போயிற்று. தினம் காலையில் நான் உள்ளே, டவர் வெளியே. ஒருநாள் கொஞ்சம் நேரமாகிவிட்டது. டவர் கதவைத் தட்டி, "செஸ்னா, உடனே ரன்வேயைக் காலி பண்ணு, எனக்கு ஸ்கூலுக்கு டைம் ஆச்சு" என்று உத்தரவு போட்டது. "ரோஜர்" என்று துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

எழுத்துத் தேர்வைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 60 கேள்வி, 70 சதவீதம் வாங்கினால் பாஸ், 87 வாங்கினேன். வானிலைக் குறியீட்டில் லேசான மூடுபனிக்கு ஏன் 'பி.ஆர்.' என்று போடுகிறார்கள் என்பது மட்டும் புரியாமல் இருந்தது. பிரெஞ்சில் 'ப்ரூம்' என்றால் லேசான மூடுபனியாம். ஆங்கிலம் தடுமாறியது போதாதென்று பிரெஞ்சு வேறு.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது கிளம்புவதற்கு முன் பெட்ரோல் பார்ப்பதுதான். ஏணி வைத்து ஏறி, இறக்கையின் மேலே மூடியைத் திருகி, அளவுக் குச்சியை உள்ளே விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். விமானத்துக்குள் பெட்ரோல் முள் இருக்கிறது, ஆனால் அதை யாரும் நம்புவதில்லை. அடுத்து, இறக்கைக்கு ஐந்து, வயிற்றுக்கு மூன்று என்று மொத்தம் 13 துவாரங்களிலிருந்து ஒரு சின்னக் குடுவையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்போம். அப்போது போட்ட பெட்ரோல், சொட்டு நீலம் ஒரு துளி விட்ட தண்ணீர் மாதிரி வெளிர் நீலமாக இருக்கும். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாக முத்துப்போல நிற்கும். பால்காரரிடம் சண்டை போடப் போகிறவன் மாதிரி ஒவ்வொரு குடுவையையும் தூக்கித் தூக்கிப் பார்ப்பேன். விரலில் பட்டால் ஜில்லென்று இருக்கும், வாசனை சாயங்காலம் வரை போகாது. அந்தக் கையோடு வீட்டுக்குப் போனால் சாப்பாட்டுத் தட்டு தூரத்திலிருந்தே தள்ளப்படும்.

லேண்டிங்குக்குத்தான் காசு கரைந்தது. ஈஸ்ட்ரிட்ஜ் மாலின் பக்கமாக இறங்கி வந்தால் எதிரே சுமார் 3100 அடி ஓடுதளம். வேகம் 65 நாட், மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர். தரைக்குச் சற்று மேலே மூக்கை மெல்லத் தூக்கி, விமானம் தானாக உட்காரும்வரை சும்மா இருக்க வேண்டும். அந்தச் சும்மா இருப்பதுதான் வரவில்லை. தரை நெருங்க நெருங்கப் பயத்தில் வெடுக்கென்று இழுப்பேன், விமானம் மறுபடி மேலே எழும்பும். சரி என்று விட்டால் தொப்பென்று விழும். "சக்கரத்துக்குக் கீழே பார்க்காதீங்க, ஓடுதளத்தோட அந்த முனையைப் பாருங்க" என்று அவர் தொண்டை கட்டக் கட்டச் சொன்னார். ஒரு நாள், ஏன் என்று தெரியாது, அந்த முனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சக்கரம் தொட்டதே தெரியவில்லை. "இதுதான்!" என்று அவர் கத்த, அந்தச் சந்தோஷத்தில் நான் பெடலை மறந்து புல்தரைப் பக்கம் திரும்பிவிட்டேன்.

பத்து நாள் கழித்து, விமானம் நின்றிருக்கும்போதே அவர் பெல்ட்டைக் கழற்றினார். பறந்த கணக்கை எழுதி வைக்கும் என் லாக்புக்கில் கையெழுத்துப் போட்டார். "மூணு தடவை சுத்தி இறங்கிட்டு வாங்க" என்று சொல்லி இறங்கிப் போய்விட்டார். காலி சீட்டில் பெல்ட்டை மட்டும் பூட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார்.

தனியாகப் போனபோது பயம் வரும் என்று நினைத்தேன். வந்தது ஆச்சரியம்தான். அவர் எடை 170 பவுண்டு. அது இல்லாத செஸ்னா, மூட்டையை இறக்கி வைத்த கழுதை மாதிரி துள்ளிக்கொண்டு ஏறியது. வழக்கமாகத் திரும்பும் இடம் வருவதற்குள் வழக்கமான உயரத்துக்கு மேலே இருந்தேன். காதில் யாரும் கத்தவில்லை. அந்த அமைதி தாங்காமல் நானே "ரைட் ரடர்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டேன்.

இறங்கி வந்ததும் கத்தரிக்கோலோடு நின்றார்கள். முதன்முதலில் தனியாகப் பறந்து வருபவரின் சட்டை முதுகை வெட்டி எடுப்பது இங்கே சம்பிரதாயம். ஒரு காலத்தில் மாணவர் முன்னாலும் ஆசிரியர் பின்னாலும் உட்காருவார்களாம். என்ஜின் சத்தத்தில் பேச முடியாது என்பதால் ஆசிரியர் சட்டையைப் பிடித்து இழுத்துத்தான் எதையும் சொல்வாராம். இனி இழுக்கத் தேவையில்லை என்பதற்காக வெட்டுகிறார்கள். எல்லாம் சரி, நான் அன்று போட்டிருந்தது மச்சினன் கல்யாணத்துக்கு எடுத்த சட்டை. மனைவி அதன் முதுகில் இருந்த ஜன்னலைப் பார்த்துவிட்டு, "இதுக்கும் நீங்கதான் பீஸ் கட்டினீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த மாதம் பயிற்சியாளர் போய்விட்டார். ஏர்லைன் வேலைக்கு 1500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். என்னைப் போன்றவர்களை வைத்துத்தான் அந்தக் கணக்கை நிரப்புகிறார்கள். டியூஷன் மாஸ்டருக்கு அரசாங்க வேலை கிடைத்த கதை. புதிதாக வந்தவர் நரைத்த தலையுடைய ஒரு அம்மா. பென்சிலை எடுத்து எடையைக் கேட்டார். நான் திருந்தியிருந்தேன். "188" என்று உள்ளதைச் சொன்னேன். அவர் 198 என்று எழுதிக்கொண்டார்.

அவரிடம்தான் இரவுப் பறத்தல், சாலினாஸ் வழியாகப் பாசோ ரோபிள்ஸ்வரை தனியாகப் போய்வருவது எல்லாம். கீழே கீரைத் தோட்டங்களுக்கு நடுவே 101-ஆம் நெடுஞ்சாலை போய்க்கொண்டே இருந்தது, நானும் அதன் மேலேயே போய்க்கொண்டிருந்தேன். சட்டப்படி குறைந்தது 40 மணி நேரம் பறந்தால் போதும். எனக்கு 78 ஆனது.

கடைசித் தேர்வுக்கு வரும் அதிகாரியையும் சேர்த்துத்தான் எடைக் கணக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டும். முதல் நாள் போனில் கேட்டேன். "210" என்றார். ராத்திரி முழுக்க யோசனை. பத்து சேர்ப்பதா, வேண்டாமா? சேர்த்தால் அவமானப்படுத்திய மாதிரி, சேர்க்காவிட்டால் கணக்கு தப்பு. காலையில் தாளைப் பார்த்தவர், "இது யாரு 220?" என்றார். "ஷூவோடு சேர்த்து" என்றேன். மனிதர் சிரித்துவிட்டார்.

வாய்மொழித் தேர்வில் ஒரு கேள்வி: "மனைவியோடு சாப்பிடப் பறந்து போகிறீர்கள். செலவு முழுவதையும் அவரிடம் வாங்கலாமா?" கூடாது. என் பங்கை நான் கொடுத்தே ஆக வேண்டும், சம்பாதிக்கும் நோக்கில் பறக்க எனக்கு உரிமை இல்லை. எங்கள் வீட்டு வழக்கப்படி மனைவியிடம் ஒரு பைசாகூட வாங்க முடியாது என்று சொல்ல நினைத்து, சட்டத்தை மட்டும் சொன்னேன். மேலே போய் நடுவில் என்ஜின் விசையைக் குறைத்துவிட்டு "என்ஜின் நின்னுபோச்சு, எங்கே இறங்குவீங்க?" என்றார். ஒரு தோட்டத்தைக் காட்டினேன். சரி என்றார்.

முதலில் ஒரு தாள்தான் கொடுத்தார்கள், பிளாஸ்டிக் அட்டை பின்னால் தபாலில் வந்தது. அதில் நம் படம் இருக்காது, ரைட் சகோதரர்கள் படம்தான் இருக்கும். வீடியோ காலில் காட்டினேன். அம்மா உற்றுப் பார்த்துவிட்டு, "உன் லைசென்ஸ்ல யாருடா அந்த ரெண்டு பேர்? மாத்தி அனுப்பிட்டா பாரு" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை குடும்பத்தோடு வாட்சன்வில் போவதாக முடிவு. நான் தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றேன். மனைவி தாளிப்பதை நிறுத்தவில்லை.

"எதுக்கு நிக்கறீங்க?"

"எடை..."

"சொல்ல மாட்டேன்."

சட்டம், பாதுகாப்பு, மூக்கு தூக்கிக்கொள்வது எல்லாம் விளக்கினேன். அடுப்பை அணைத்துவிட்டு, மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு தராசில் ஏறினாள். "ரெண்டு பேரும் சேர்ந்து எவ்வளவு காட்டுதோ, அதைப் போட்டுக்கோங்க."

"அப்படிப் போட முடியாது. நீ முன் சீட்டு, அவள் பின் சீட்டு. தூரம் வேற, கணக்கு வேற."

ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "அப்போ நானும் அவளும் பின் சீட்டு. இப்போ சேர்த்தே போடலாமில்ல?"

போடலாம். 224 என்று காட்டியது. இரண்டு தடவை சரிபார்த்தேன், எல்லாம் வரம்புக்குள்தான் வந்தது. மகளை மட்டும் தனியாக நிறுத்திப் பார்க்கலாமா என்று ஒரு யோசனை ஓடியது. மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டேன்.

ஆக, லைசென்ஸ் வாங்கி நான் ஏற்றிக்கொண்டு போன முதல் முன்சீட்டுப் பயணி, புளியோதரைப் பை. பெல்ட்டைப் போட்டுப் பூட்டி, 'முன் சீட்டு, 8 பவுண்டு, 37 அங்குலம்' என்று எழுதினேன்.

பின் சீட்டிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "அடியில தயிர்சாதமும் இருக்கு. பத்துன்னு போடுங்க."