ஆறுல ஒண்ணு குறையுது

எங்க நாய் ஜாங்கிரி வீட்டுக்குள்ள ஒண்ணுக்குப் போறதுக்கு விரிக்கிற பேட் மொத்தம் ஆறு. ரெண்டு தரையில, ரெண்டு பக்கெட்டுல, ரெண்டு கொடியில. நாலு வருஷமா இந்தக் கணக்கு தப்பினதே இல்ல. போன திங்கட்கிழமை எண்ணினா அஞ்சு. திரும்ப எண்ணினேன், அஞ்சு. சின்னவளை விட்டு எண்ணச் சொன்னேன். அவ நாயையும் சேர்த்து ஆறுன்னு சொல்லிட்டுப் போயிட்டா.

ஒண்ணு 350 ரூபாய்ங்க. என் நகை காணாமப் போயிருந்தாக்கூட இவ்வளவு தேடியிருக்க மாட்டேன். அது பாதி எப்பவும் பேங்க்லதான் இருக்கு.

முதல்ல தூக்கிப்போடுற பேட்தான் வாங்கினோம். குட்டியா இருந்தப்ப ஒரு மத்தியானம் அதைக் கடிச்சுக் குதறி, ஹால் பூரா இலவங்காய் வெடிச்ச மாதிரி ஆக்கி வெச்சிருந்துச்சு. உள்ள இருக்கிற ஜெல் வயித்துக்குள்ள போயிருக்குமோன்னு டாக்டர்கிட்ட ஓடினோம். போகல. அன்னையிலிருந்து துவைச்சுப் போடுற பேட்தான். மேல தையல் போட்ட துணி, நடுவுல ஈரத்தை உறிஞ்சுற அடுக்கு, அடியில தண்ணி இறங்காத ஷீட். பார்க்க அவ்வளவு லட்சணமா இருக்கும். அப்பா அதுக்கு வெச்ச பேரு ‘நாய் மெத்தை’.

"நாய்க்கு மெத்தை, எனக்குப் பாய்." இது அப்பாவோட தினசரி சுப்ரபாதம். அவருக்கும் கட்டில், மெத்தை எல்லாம் இருக்கு. ஆனா கேட்கிறவங்களுக்கு அது தெரியாதில்ல. போன மாசம் ஒரு படி மேல போயி, "இதுக்கு மாநகராட்சி லைசென்ஸ் இருக்கு, கழுத்துல பட்டை இருக்கு, மெத்தை இருக்கு. எனக்கு ஒரு ரேஷன் கார்டு. அதுலயும் உன் பேருக்குக் கீழ"ன்னார், எங்க மாமியார் முன்னாடி.

நியாயமாப் பார்த்தா அந்த மெத்தையால எனக்குத்தான் வேலை. ஜாங்கிரி முன்னங்கால் ரெண்டையும் பேட் மேல வெச்சுக்கும். பின்னாடி தரையில நிக்கும். முகத்துல அப்படி ஒரு கடமை உணர்ச்சி. விட்டு முடிச்சதும் திரும்பிப் பார்த்து பிஸ்கட் கேட்கும். பேட் காஞ்சு கிடக்கும், தரை குளமா இருக்கும். நான் போயி "சமர்த்து"ன்னு சொல்லணும், ஏன்னா திட்டினா அடுத்த தடவை சோபாவுக்குப் பின்னாடி போயி இருந்துட்டு வருமாம். தையல் போட்டது எல்லாமே தனக்குன்னு ஒரு நினைப்பு வேற. எங்க வீட்டுக்காரர் யோகா பாய், பாத்ரூம் மிதியடி, ஒரு தடவை கொலுப்படி மேல விரிச்ச துணி.

துவைக்கிறது தனிப் படிப்பு. முதல்ல பச்சைத் தண்ணியில அலசணும். வெந்நீர் கூடாது, கீழ இருக்கிற ஷீட் உரிஞ்சு வந்துடும். ப்ளீச் கூடாது. நாத்தம் போகலேன்னா கொஞ்சம் வெள்ளை வினிகர், அவ்வளவுதான். வாசனைத் திரவம் மட்டும் வேண்டவே வேண்டாம், அது துணி மேல மெழுகு மாதிரி படிஞ்சுக்கும். இதெல்லாம் எழுதி மெஷின் மேல ஒட்டியிருக்கேன். வீட்டுக்காரர் ஒரு ஞாயித்துக்கிழமை எனக்கு ஒத்தாசை பண்றேன்னு ரெண்டு மூடி வாசனைத் திரவம் ஊத்தித் துவைச்சார். பேட் மல்லிகைப் பூவா மணந்துச்சு. ஜாங்கிரி விட்டது சேப்பங்கிழங்கு இலை மேல தண்ணி மாதிரி உருண்டு ஓடிப் போயி ஃப்ரிட்ஜுக்கு அடியில நின்னுச்சு.

சரி, காணாமப் போனதுக்கு வர்றேன். ஐப்பசி அடைமழை. ரெண்டு நாளானாலும் ஒண்ணு காய மாட்டேங்குது. போன வாரம் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்ததேன்னு மொட்டை மாடியில போட்டிருந்தேன். காத்து தூக்கிட்டுப் போச்சான்னு தண்ணி டேங்குக்குப் பின்னாடி, பக்கத்து மனையில, முருங்கை மரத்து மேலன்னு எல்லாம் பார்த்தாச்சு. வாட்ச்மேன் அண்ணன்கிட்ட அடையாளம் சொன்னேன். "கைக்குழந்தைக்குப் போடுற மாதிரி இருக்கும்ணே"ன்னு சொல்லும்போதுதான் எனக்குப் பகீர்ன்னுச்சு. கீழ் வீட்டு மாமியோட பொண்ணு பிரசவத்துக்கு வந்து நாப்பது நாள்தான் ஆகுது.

எப்படிக் கேட்கிறது? "மாமி, உங்க பேரன் எங்க நாய் மெத்தையிலயா படுத்திருக்கான்?"னா? ஒரு கிண்ணம் கேசரி கிண்டி எடுத்துக்கிட்டுப் போனேன். குழந்தையைக் கொஞ்சுற சாக்குல தொட்டிலுக்குள்ள எட்டி, அடியில விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். கரடிப் படம் போட்ட ரப்பர் ஷீட். மாமி முகம் மாறிப் போச்சு. "நனைச்சிருக்கானா?"ன்னாங்க. "இல்ல மாமி, சும்மா"ன்னேன். யாராவது சும்மா அங்க கைய விடுவாங்களா? கேசரிக் கிண்ணம் இன்னும் திரும்பி வரல.

இப்ப கணக்குல பேட் ஒண்ணு, கிண்ணம் ஒண்ணு குறையுது.

நேத்து ராத்திரி மூணு மணி இருக்கும். பின்பக்க பால்கனியில தண்ணி விழுற சத்தம். குழாயை மூடாம விட்டுட்டேனோன்னு எழுந்து போனேன். லைட் போடல. இருட்டுல அப்பா முக்காலியில உக்காந்து, பக்கெட்டுல எதையோ அலசிக்கிட்டு இருந்தார். பக்கத்துல ஜாங்கிரி, மேஸ்திரி மாதிரி. தெரு விளக்கு வெளிச்சத்துல அந்தத் தையல் தெரிஞ்சுச்சு. பச்சைத் தண்ணி, பிழியாம அமுக்கி அமுக்கி எடுக்கிறார். என் சீட்டை வரி விடாமப் படிச்சிருக்கார்.

டாக்டர் நீர் மாத்திரை டோஸைக் கூட்டினது இந்த மாசம் ஒண்ணாந்தேதி. ராத்திரி எழுந்து போறதுக்குள்ள... எனக்குத்தான் தோணல. அஞ்சையும் ஆறையும் எண்ணத் தெரிஞ்சுது.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "உன் நாய்தான். என் ரூமுக்கு வந்து பண்ணி வெச்சிருக்கு"ன்னார்.

நான் ஜாங்கிரியைப் பார்த்துத் திரும்பினேன். "ஏய், அறிவிருக்கா உனக்கு? தாத்தா ரூமுக்குள்ள ஏண்டா போறே? எத்தனை தடவை சொல்றது?"ன்னு நல்லாத் திட்டினேன். அது வாலைச் சுருட்டி ஆட்டிக்கிட்டு, பிஸ்கட் வருமான்னு என் கையைப் பார்த்துச்சு.

"விடு, விடு. வாயில்லா ஜீவன்"னார் அப்பா.

நாலு வருஷத்துல அதுக்காக அவர் பரிஞ்சு பேசினது நேத்துதான். பேட்டை வாங்கிக் கொடியில போட்டேன். பக்கெட்டைக் கவுத்து வெச்சுட்டு உள்ள போனவர், நிலைப்படியில நின்னு, "இன்னும் ரெண்டு வாங்கிப் போட்டுடு. இது சின்னதா இருக்கு. பெரிய சைஸாப் பாரு. நாய் வளருதில்ல"ன்னார்.

அப்பா வாட்ஸப்ல வர்ற மூலிகை வைத்தியம் தவிர வேற எதுவும் படிக்கிறதில்ல, அதனால தைரியமா எழுதுறேன். வீட்டுக்காரர் படிச்சா வாயைத் திறக்க வேண்டாம். காலையில அவர் போன்லதான் ஆர்டர் போட்டேன், மூணடிக்கு நாலடியில மூணு. "எதுக்கு இவ்வளவு பெருசு?"ன்னு கேட்டார்.

வளருதுன்னு சொல்லிட்டேன்.