இன்லே வேக்ஸில் ஒரு கடைவாய்ப் பல்: டையிலிருந்து வார்ப்பு வரை

கீழ்த்தாடை முதல் கடைவாய்ப் பல்லுக்கு முழு உலோக கிரவுன், அதாவது பல்லை மூடும் உறை. ஸ்டோன் டை (சீவிய பல்லின் கடினமான ஜிப்சம் நகல்) மேல் இரண்டாம் வகை இன்லே வேக்ஸில் (வார்ப்புக்கான வடிவம் செய்யும் மெழுகு) வடிவம் எடுத்து வார்த்துப் பார்த்த குறிப்புகள் இவை.

கையில் கருவியை எடுக்கும் முன் ஒரு சோதனையைச் செய்து பார்ப்பது நல்லது. இன்லே வேக்ஸ் குச்சி ஒன்றை இளக்கி, லாடம் போல வளைத்து, சாதாரணத் தண்ணீரில் மிதக்க விடுங்கள். மறுநாள் பார்த்தால் இரு முனைகளும் விலகியிருக்கும். வளைக்கும்போது உள்பக்கம் அமுங்குகிறது, வெளிப்பக்கம் இழுபடுகிறது. அந்த இறுக்கம் மெழுகுக்குள்ளேயே தங்கி, நேரம் ஆக ஆக வெளிப்படுகிறது. கிரவுன் வடிவத்திலும் இதுதான் நடக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, வார்ப்பை டையில் ஏற்றும்போது தெரியும்.

இன்லே வேக்ஸில் பாதியளவு பாரஃபின். தனி பாரஃபின் செதுக்கினால் செதில் செதிலாகப் பெயரும். அதனால்தான் டாமர் பிசின் சேர்க்கிறார்கள். கார்னாபா மெழுகு உருகுநிலையையும் கடினத்தையும் கூட்டுகிறது. முதல் வகை வாய்க்குள் நேரடியாகச் செய்ய, இரண்டாம் வகை டையில் செய்ய. முதல் வகை 37 டிகிரி செல்சியஸில், அழுத்தத்தில் 1 சதவீதத்துக்கு மேல் இளகி ஒழுகக் கூடாது. இரண்டாம் வகைக்கு அதே வரம்பு 30 டிகிரியில். 45 டிகிரியில் இரண்டுமே 70 முதல் 90 சதவீதம் ஒழுக வேண்டும். சென்னையில் மே மாத மதியம், ஏசி இல்லாத அறையில் இரண்டாம் வகை ஏன் விரல் பட்ட இடமெல்லாம் அமுங்குகிறது என்பதற்கு அந்த 30-தான் பதில். காலையிலேயே வேலையை வைத்துக்கொள்ளுங்கள். பல்செட்டுக்கான மாடலிங் வேக்ஸில் வெயில் ஊர்களுக்கென்றே மூன்றாம் வகை, மிகக் கடினமானது, இருக்கிறது.

இன்னொரு கணக்கு: 20 டிகிரி ஏறினால் மெழுகு நீளவாக்கில் 0.7 சதவீதம் வரை விரியும். 10 மில்லிமீட்டர் அகலமுள்ள பல்லுக்கு அது 70 மைக்ரான். ஒட்டும் சிமென்ட்டுக்கு இடம் விட டையில் பூசும் ஸ்பேசரே 25 முதல் 40 மைக்ரான்தான்.

ஸ்பேசரை மார்ஜினுக்கு (கிரவுன் பல்லில் முடியும் விளிம்பு) 1 மில்லிமீட்டர் முன்பே நிறுத்த வேண்டும். மெழுகு டையில் ஒட்டாமலிருக்கப் பூசும் லூப்ரிகண்ட் மெல்லிய படலமாகப் போதும். தேங்கி நின்றால் வடிவத்தின் உள்பக்கம் சுருக்கம் விழும். முதல் அடுக்குக்கு உருகிய மெழுகில் டையை முக்கி மெதுவாக எடுப்பதே சிறந்தது, சூடு எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் பரவும். ஒவ்வொரு முக்கலுக்கும் இடையே நன்றாக ஆறவிட வேண்டும். பாதி இளகிய மெழுகை விரலால் அழுத்தி ஒட்டுவது வேண்டவே வேண்டாம், லாடத்தில் பார்த்த இறுக்கம் அப்படித்தான் உள்ளே புகுகிறது.

மேல்வடிவம் பி.கே.டி. கருவிகளால் (மெழுகைத் துளித்துளியாக வைத்துச் செதுக்கும் சிறு கருவிகள்). கருவியின் நுனியைத் தீயில் காட்டினால் மெழுகு தண்டுப் பக்கம் ஏறிவிடும். மெழுகை எடுத்தபின் தண்டைச் சற்றுச் சூடாக்கினால் துளி நுனிக்கு இறங்கி, வைத்த இடத்தில் நிற்கும். இது கைவந்தால் பாதி வேலை முடிந்தது. ஐந்து முகடுகளையும் முதலில் கூம்பாக நிறுத்தி எதிர்த்தாடையுடன் கடித்துப் பார்த்த பிறகே வரப்பு போன்ற மேடுகளை நிரப்ப வேண்டும். ஜிங்க் ஸ்டியரேட் தூளைத் தூரிகையால் தூவிக் கடிக்க வைத்தால், இடிக்கும் இடம் பளபளவென்று தெரியும்.

மார்ஜினை எப்போதும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். வடிவத்தை ஒருமுறை கழற்றி மாட்டிய பிறகு, விளிம்பைச் சுற்றி 1 மில்லிமீட்டர் பட்டையை டை வரைக்கும் முழுக்க உருக்கி, உண்டாகும் பள்ளத்தைச் சற்று அதிகமாகவே நிரப்பி, ஆறியபின் கூரில்லாத கார்வரால் செதுக்க வேண்டும். கூரான கத்தி டையையே சீவிவிடும். பிறகு உருப்பெருக்கியில் சுற்றிப் பாருங்கள். மெழுகுக்கும் டைக்கும் நடுவே கறுப்புக் கோடு தெரிந்தால் அந்த இடம் திறந்திருக்கிறது. மறுபடி உருக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

ஸ்ப்ரூ (உருகிய உலோகம் உள்ளே போக வழிவிடும் தண்டு) 2.5 மில்லிமீட்டர் கனம், நாக்குப் பக்க முன்முகட்டில், சாய்வாக. கடிக்கும் பாரம் அதிகம் விழாத முகடு, கனமும் அதிகம். வடிவத்துக்கும் ரிங்கின் (வடிவத்தைச் சுற்றி வைக்கும் உருளை) முனைக்கும் நடுவே ஜிப்சம் இன்வெஸ்ட்மென்ட்டில் (வடிவத்தைச் சுற்றி ஊற்றும் அச்சுக் கலவை) 6 மில்லிமீட்டர் விட வேண்டும். டையிலிருந்து கழற்றியதும் உடனே இன்வெஸ்ட் செய்யுங்கள். தள்ளிப்போட வேண்டிவந்தால் டையிலேயே விட்டு ஃபிரிட்ஜில் வைத்து, எடுத்து அறைச்சூட்டுக்கு வந்தபின் மார்ஜினை மறுபடி உருக்கிச் சரிசெய்ய வேண்டும்.

மெழுகை எரித்து நீக்க, ரிங் ஈரமாக இருக்கும்போதே, ஸ்ப்ரூ துளை கீழே பார்க்க ஃபர்னஸில் வைக்க வேண்டும். நுண்துளைகளில் தண்ணீர் இருந்தால் உருகிய மெழுகு சுவருக்குள் ஊறாது. தங்கக் கலவைக்கு ஜிப்சம், 650 முதல் 700 டிகிரி. 700-ஐத் தாண்டினால் ஜிப்சத்தின் கால்சியம் சல்ஃபேட் கரியோடு சேர்ந்து கந்தக வாயு விடும், உலோகம் கெடும். நிக்கல்-குரோமியத்துக்கு பாஸ்பேட் இன்வெஸ்ட்மென்ட், 750 முதல் 900 டிகிரி வரை.

வார்ப்பின் மார்ஜின் மழுங்கி, உலோகம் பளபளவென்று வந்தால் மெழுகு முழுக்க எரியவில்லை. ரிங்கை ஃபர்னஸில் இன்னும் நேரம் வைத்திருக்க வேண்டும். உள்பக்கம் சிறு உருண்டைகள் ஒட்டியிருந்தால் இன்வெஸ்ட்மென்ட் ஊற்றும்போது காற்றுக்குமிழி சிக்கியிருக்கிறது. அவை உள்சுவரில் இருந்தால் சின்ன ரவுண்ட் பர்ரால் (சுழலும் உருண்டை முனைக் கருவி) எடுத்துவிடலாம், மார்ஜினில் இருந்தால் மெழுகிலிருந்தே மறுபடி தொடங்க வேண்டும்.