ஓரியூர் மண்ணுக்கு விசா இல்லை

லிஸ்பனுக்குப் போக வேண்டும் என்ற ஆசையை எனக்குள் விதைத்தது ஒரு பெயர்ப் பட்டியல். 2023 ஆகஸ்ட் 1 முதல் 6 வரை அங்கே நடக்கவிருந்த உலக இளையோர் நாளுக்கு, அதாவது பல நாட்டுக் கத்தோலிக்க இளைஞர்கள் கூடும் மாநாட்டுக்கு, பாதுகாவலர்களாகச் சில புனிதர்களை அறிவித்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் அருளானந்தர், அதாவது ஜான் டி பிரிட்டோ. 1647-ல் லிஸ்பனில் பிறந்து, 1693-ல் எங்கள் ராமநாதபுரம் பக்கத்து ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்தவர். எங்கள் பக்கம் தெருவில் நின்று ‘பிரிட்டோ’ என்று கூப்பிட்டால் நான்கு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். “அவர் அங்கிருந்து கப்பலேறி வந்தார். இங்கிருந்து யாராவது போய் வர வேண்டாமா?” என்றார் அப்பத்தா. அவருக்கென்ன, விமான டிக்கெட்டா வாங்கப் போகிறார்!

மறைமாவட்ட இளைஞர் பணிக்குழு வழியாகப் பெயர் கொடுத்தேன். பங்குத்தந்தையின் கடிதம், மறைமாவட்டத்தின் கடிதம், பள்ளியில் விடுப்புக் கடிதம் எல்லாம் இரண்டு வாரத்தில் கைக்கு வந்துவிட்டன. சிக்கல் பணத்தில் தொடங்கியது. விசாவுக்கு வங்கிக் கணக்கு விவரம் வேண்டும். நான் தனியார் பள்ளி ஆசிரியை. என் சம்பளம் கணக்கில் ஏறிய வாரமே இறங்கிவிடும். செலவை ஏற்பவர் என்று அப்பாவைக் காட்டலாம் என்றால், அவருக்கு மளிகைக் கடை. பணம் கல்லாவுக்கு வரும், கல்லாவிலிருந்தே போகும். வங்கிக்கு வழி தெரியாது. வருமான வரிக் கணக்கு என்றதும் “நம்மிடம் எதற்குக் கேட்கிறார்கள்?” என்று பயந்தேவிட்டார். மாமாவிடம் வாங்கி மொத்தமாகப் போட்டுவிடலாம் என்று அம்மா சொன்ன யோசனையை எங்கள் குழுவை நடத்திய சாமி (பாதிரியார்) உடனே தடுத்தார். திடீரென்று விழும் பெரிய தொகை, தொகையே இல்லாததைவிட மோசமாம். கடைசியில் அரசு வேலையிலிருக்கும் சித்தப்பா செலவை ஏற்பதாகக் கையெழுத்திட்டுத் தன் ஆவணங்களைத் தந்தார்.

அடுத்த தவறு முழுக்க என்னுடையது. போர்ச்சுகல் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். தொகையைச் சரியாகப் பார்த்தேன், தேதியைப் பார்க்கவில்லை. ஆகஸ்ட் 8 திரும்புகிறோம். காப்பீடோ 7-ஆம் தேதியோடு முடிகிறது. ராமநாதபுரத்தில் இரவு ரயில் ஏறி, சென்னையில் விசா மையத்தின் முன் காலை ஏழு மணியிலிருந்து நின்று, அந்த ஒரு நாளால் திரும்பி வந்தேன். மறுபடி நேரம் கிடைக்கப் பதினாறு நாள். அந்த ஆண்டு இளையோர் நாளின் மையப்பொருள் லூக்கா நற்செய்தியிலிருந்து எடுத்தது: மரியா புறப்பட்டு விரைந்து சென்றார். மரியாவுக்கு யூதேய மலைநாடு போகக் கைரேகை வைக்க வேண்டியிருக்கவில்லை என்று ரயிலில் நினைத்துக்கொண்டேன். பாவம்தான்; பிறகு பாவமன்னிப்புக் கேட்கும் ஒப்புரவில் சொல்லிவிட்டேன்.

குழு ஜூலை 24 அன்றே கிளம்பிவிட்டது. மாநாட்டுக்கு முன் போர்ச்சுகல் மறைமாவட்டங்களில் குடும்பங்களோடு தங்கும் நாட்கள் ஜூலை 26 முதல் 31 வரை. அவை எனக்குப் போயின. என் பாஸ்போர்ட் 28-ஆம் தேதிதான் வந்தது. டிக்கெட்டை மாற்றக் கட்டிய பணத்தை இன்னும் அப்பாவிடம் முழுதாகச் சொல்லவில்லை. என்னைப் போலத் தாமதமாக விசா கிடைத்த இருவருடன் 30-ஆம் தேதி கிளம்பினேன். இன்னும் இருவருக்கு மறுத்தே விட்டார்கள். அதில் ஒருத்தி, என்னைவிட ஒழுங்காக ஆவணங்களை அடுக்கியிருந்த என் தோழி.

கிளம்பும் முன்தினம் அப்பத்தா ஓரியூர் செம்மண்ணை ஒரு சின்ன டப்பாவில் போட்டுத் தந்தார். அருளானந்தரின் ரத்தம் பட்டுச் சிவந்த மண் என்பது எங்கள் நம்பிக்கை. வீட்டில் அது இல்லாமல் இருக்காது. ‘அவர் ஊரில் வைத்துவிட்டு வா’ என்பது கட்டளை. சாமிக்கு போன் செய்தேன். வெளிநாட்டு மண்ணை ஐரோப்பாவுக்குள் கொண்டுவரத் தடை இருக்கிறது, எடுத்து வராதே என்றார். டப்பா மாதா படத்தின் அருகிலேயே தங்கிவிட்டது.

லிஸ்பனில் ஒரு பள்ளியின் வகுப்பறைத் தரையில் படுக்கை. குளிக்க வரிசை, சாப்பிட வரிசை. ஆனால் விசா வரிசையில் நின்றவர்களுக்கு அதெல்லாம் ஒரு வரிசையே இல்லை. அங்கே பாடிக்கொண்டே நிற்கிறார்கள். ஆகஸ்ட் 3 மாலை எட்வர்டு ஏழாம் பூங்காவில் திருத்தந்தை பிரான்சிஸ் வரவேற்பு. திருஅவையில் எல்லாருக்கும் இடமுண்டு என்று சொல்லி, ‘தோதோஸ், தோதோஸ், தோதோஸ்’ என்றார். எல்லாரும், எல்லாரும், எல்லாரும். எங்களையும் திருப்பிச் சொல்லச் சொன்னார். சுற்றிலும் இருந்தவர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். நானும் வாயைத் திறந்தேன். இரண்டாவது ‘தோதோஸ்’ வரவில்லை. ஊரில் அப்போது இரவு பத்து மணிக்கு மேல். தோழி நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘உன்னைத் தேடுகிறேன், கொடி மறைக்கிறது’ என்று செய்தி அனுப்பியிருந்தாள். என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் கொடியைப் படமெடுத்து அனுப்பினேன்.

சனிக்கிழமை தேஜோ ஆற்றங்கரைப் பூங்காவுக்கு நடை. ஒரு காலத்தில் குப்பை கொட்டிய இடமாம். நிழலே கிடையாது, ராமநாதபுரத்துக்காரியையே உருக்கிய வெயில். இரவு செபமான திருவிழிப்புக்குச் சுமார் 15 லட்சம் பேர் என்றார்கள். நற்கருணை ஆராதனையின்போது அத்தனை கூட்டமும் சத்தமே இல்லாமல் மண்டியிட்டிருந்தது. யாரோ ஒரு குழந்தை இருமுவது கேட்டது. மறுநாள் விடியலில் எங்களை எழுப்பியது ஒரு குருவானவர், அதிரும் டிஜே இசையோடு! அப்பத்தாவிடம் இதை மட்டும் சொல்லவில்லை.

ஒரு பிற்பகல் அல்வலாதே பகுதியில் அருளானந்தரின் பெயரிலுள்ள பங்குக் கோயிலுக்குப் போனேன். முன் பெஞ்சில் இருந்த பாட்டியிடம் கைபேசியில் ஓரியூர் செம்மண் தரையின் படத்தைக் காட்டினேன். “ஜுவாவோ த பிரித்து?” என்று கேட்டார். ஆமென்று தலையாட்டினேன். என் கைபேசியை வாங்கி, படத்தின் மேல் விரலால் சிலுவை வரைந்தார். படம் நழுவி, அடுத்ததாக அப்பா கடை வாசலில் நிற்கும் படம் வந்தது. அதற்கும் ஒரு சிலுவை வரைந்தார்.

அடுத்த சந்திப்பு 2027-ல் சியோல் என்று நிறைவுத் திருப்பலியில் அறிவித்தார்கள். தம்பி இப்போதே துள்ளுகிறான். அப்பா வருமான வரிக் கணக்குக்கு ஓர் ஆடிட்டரைப் பிடித்துவிட்டார். கடை வாசலில் க்யூஆர் அட்டையும் தொங்குகிறது.