அளவு நோட்டு

ஜூலை 9, 2023

ஆடி பிறக்க இன்னும் ஒரு வாரம். ஆவணிக் கல்யாண ரவிக்கைகள் இப்போதே வந்து குவிகின்றன. இன்று அண்ணி, அதாவது என் கணவரின் அக்கா, கத்தரிப்பூ நிறப் பட்டை எடுத்துக்கொண்டு வந்தார். மகனுக்குக் கல்யாணம். "மாப்பிள்ளையின் அம்மா என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும்" என்று உத்தரவு. அளவு எடுத்து நோட்டில் எழுதினேன். மார்புச் சுற்று 38. போன தீபாவளிக்கும் அதேதான்.

ஜூலை 30

தைத்ததைப் போட்டுப் பார்க்க வந்தார். வலப்பக்கம் கச்சிதம். இடப்பக்கம் மட்டும் துணி விறைத்துக்கொண்டு நிற்கிறது, கொக்கி எட்டவில்லை. இருபத்தைந்து வருடத் தொழிலில் எனக்கு இப்படி அளவு தப்பியதில்லை. "கொஞ்சம் சதை போட்டிருப்பேன்" என்றார். ஒரு பக்கம் மட்டுமா சதை போடும்? கேட்டதற்கு, "பாரமாகத்தான் இருக்கிறது, சூடாகவும் இருக்கிறது, உஷ்ணம்" என்று பேச்சை முடித்துவிட்டார். நானும் உள்தையலைப் பிரித்து அரை அங்குலம் விட்டுக் கொடுத்தேன். அதோடு என் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. காவிரிக்குப் போய்விட்டு வந்து புளியோதரை சாப்பிட்டோம். பிறகு அண்ணி என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப் போய்க் காட்டினார்.

மஞ்சளும் சந்தனமும் குழைத்துப் பற்றுப் போட்டிருந்தார். பக்கத்து வீட்டு அம்மாள் சொன்ன வைத்தியம். பால் கட்டிக்கொண்டால் மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவார்களே, அந்த வரிசையில் இதுவும் ஒன்று. ஆனால் அண்ணிக்கு 52 வயது. பால் கொடுத்த பிள்ளைக்குத்தான் இப்போது கல்யாணம்.

வெந்நீரில் துணி நனைத்துப் பற்றைத் துடைத்தேன். அடியில் தோலின் நிறமே வேறாக இருந்தது. சிவப்பு என்று சொல்ல முடியாது. எங்கள் மாநிறத்தில் சிவப்பு அப்படித் தெரிவதுமில்லை. அடிபட்டுக் கன்றிய இடம்போல, அந்தக் கத்தரிப்பூப் பட்டின் சாயம் லேசாக இறங்கியதுபோல இருந்தது. உள்ளாடையின் எலாஸ்டிக் பதிந்த கோடு, கழற்றிக் கால் மணி நேரம் ஆகியும் மறையவில்லை. பத்து நாளாகப் பற்றுப் போட்டு நிறத்தை மறைத்து வைத்திருக்கிறார். தெரிந்து செய்யவில்லை, பாவம்.

அழுத்திப் பார்த்தேன். கட்டி எதுவும் கையில் அகப்படவில்லை. அப்பாடா என்று இருந்தது.

ஆகஸ்ட் 4

தெருமுனை கிளினிக். "நோய்த்தொற்று" என்று ஏழு நாளைக்கு மாத்திரை. காய்ச்சல் இருந்ததா என்று கேட்டார்கள். ஒரு நாளும் இல்லை.

ஆகஸ்ட் 12

மாத்திரை தீர்ந்தது. வீக்கம் அப்படியே இருக்கிறது. நிறம் கீழ்ப்பாதி முழுவதும் பரவிவிட்டது. காம்பு உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது; முன்பு அப்படி இல்லை என்று அண்ணியே சொல்கிறார். தோலில் சின்னச் சின்னக் குழிகள், கமலா ஆரஞ்சின் தோல்போல. அதே கிளினிக்கில் வேறு மாத்திரை எழுதினார்கள்.

முதல் மாத்திரைக்கு நான் கோபப்படவில்லை. தொற்றாக இருந்தால் அதில் அடங்கியிருக்கும். ஒரு வாரம், பத்து நாளில் அடங்காததை மறுபடியும் தொற்று என்றே வைத்துக்கொண்டார்களே, அதுதான் ஆறவில்லை. அந்தச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். மருந்துக் கடைக்குப் போகவில்லை.

ஆகஸ்ட் 14

தஞ்சாவூர். அறுவை சிகிச்சை மருத்துவர் ஒரு பெண்மணி. வெளிச்சத்தில் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "இந்த மாற்றம் எத்தனை நாளாக?" என்று கேட்டார். அண்ணி விழித்தார். நான் அளவு நோட்டை எடுத்து நீட்டினேன். ஜூலை 9இல் சரியான அளவு, ஜூலை 30இல் இடப்பக்கம் பற்றவில்லை. மூன்றே வாரம். மருத்துவர் அதைத் தன் தாளில் குறித்துக்கொண்டார். அக்குளில் விரல் வைத்துப் பார்த்தார். நெறி கட்டியிருந்தது.

மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயில் தோல் தடித்திருப்பது தெரிந்தது, தனிக் கட்டியாக ஒன்றும் தெரியவில்லை. அல்ட்ராசவுண்ட் பார்த்து ஊசியால் சதைத் துணுக்கு எடுத்தார்கள். தோலிலும் வட்டமாக ஒரு சிறு துண்டு.

"கட்டியே இல்லையே, டாக்டர்?" என்றேன். இந்த வகையில் பெரும்பாலும் கட்டி தட்டுப்படாது என்றார். புற்றணுக்கள் தோலிலுள்ள நிணநீர்க் குழாய்களில் போய் அடைத்துக்கொள்கின்றனவாம். வடிய வேண்டிய நீர் தேங்கித் தோல் உப்புகிறது. மயிர்க்கால் இருக்கும் இடங்களில் மட்டும் தோல் அடியோடு பிணைந்திருப்பதால் அங்கே எழும்ப முடியாமல் குழி விழுகிறது. எனக்கு உடனே விளங்கியது. என் அப்பா மெத்தை தைத்தவர். இலவம்பஞ்சை அடைத்து, நடுநடுவே நூலை இழுத்து முடிச்சுப் போட்டால் முடிச்சுள்ள இடம் குழியும், மற்ற இடம் பொம்மும்.

ஆகஸ்ட் 24

முடிவு வந்தது. அழற்சி மார்பகப் புற்றுநோய். பெயரில்தான் அழற்சி, அந்தக் குழாய் அடைப்பு பார்வைக்கு அழற்சிபோல இருப்பதால் வந்த பெயர். கண்டுபிடிக்கும்போதே இது குறைந்தது மூன்றாம் கட்டத்தில்தான் கணக்கு வைக்கப்படுமாம். எவ்வளவு சீக்கிரம் வந்திருந்தாலும் முதல் கட்டம் என்பதே இதற்குக் கிடையாது. அண்ணி அதைக் கேட்டு, "அப்படியானால் நான் தாமதம் செய்யவில்லை" என்றார். மருத்துவர் பதில் சொல்லவில்லை. வாரக்கணக்கில் வளர்வது என்பது அவருக்குத் தெரியும்.

அமெரிக்கக் கணக்கில், மார்பகப் புற்றுநோய் வந்த நூறு பேரில் ஒருவர் முதல் ஐந்து பேருக்குத்தான் இந்த வகை.

ஆகஸ்ட் 26

தூக்கம் வராமல் கைப்பேசியில் தேடிக்கொண்டிருந்தேன். படங்களில் எல்லாம் வெள்ளைத் தோல், பளிச்சென்ற சிவப்பு. அண்ணியைப் போன்ற ஒரு படம் கிடைக்க வெகு நேரம் ஆயிற்று. ஆனால் சார்லஸ் பெல் என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் 1814இலேயே இதைப் பற்றி எழுதியபோது, தோலில் ஊதா நிறம் படர்வதைத்தான் கெட்ட அறிகுறியாகச் சொல்லியிருக்கிறார். ஊதா! எங்கள் ஊர் முகாமில் கொடுத்த துண்டுச் சீட்டில் "கட்டி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்" என்பதற்கு மேல் ஒரு வரி இல்லை. நானும் தடவித்தானே பார்த்தேன், கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு.

ஆகஸ்ட் 30

வேறு உறுப்புகளுக்குப் பரவவில்லை என்று ஸ்கேன் சொல்கிறது. இன்று முதல் கீமோ. இதில் கத்தியை முதலில் எடுக்க மாட்டார்கள். முதலில் மருந்து, தோல் வற்றிய பிறகு மார்பை முழுவதுமாக எடுப்பது, அதன் பிறகு கதிர்வீச்சு. மருந்து ரூஹப்சா சர்பத்தின் சிவப்பு நிறத்தில் இருந்தது. சிறுநீரும் அந்த நிறத்தில் போனால் பயப்படாதீர்கள் என்று செவிலியர் முன்கூட்டியே சொன்னது நல்லதாயிற்று.

முடி எப்போது கொட்டும் என்று அண்ணி கேட்டார். இரண்டு மூன்று வாரத்தில் என்றார்கள். விரல் விட்டு எண்ணினார். "கல்யாணம் அதற்குள் முடிந்துவிடும்."

செப்டம்பர் 11

கல்யாணம் முடிந்தது. கத்தரிப்பூ ரவிக்கை, இடப்பக்கம் இன்னும் கால் அங்குலம் பிரித்து விட்டது. முகக்கவசத்தோடு மேடையில் நின்றார். கூட்டம் ஆகாது என்று மருத்துவர் எச்சரித்திருந்ததால் பந்திக்கு வரவில்லை. சம்பந்தி அம்மாள் கோபித்துக்கொண்டார். காரணம் சொல்ல அண்ணி விடவில்லை.

செப்டம்பர் 25

இரண்டாவது கீமோ 20ஆம் தேதி முடிந்தது. முடி முழுவதும் போயிற்று. பருத்தியில் தலைக்குக் குல்லா தைத்துக்கொண்டு போனேன், உள்ளே தையல் உறுத்தாமல்.

"டேப் கொண்டுவந்தாயா?" என்றார். கொண்டுபோயிருந்தேன். ஊதா வெளுத்து மாநிறம் எட்டிப் பார்க்கிறது. குழிகள் கீழ்ப்பக்கம் மட்டும் இருக்கின்றன. அளந்தேன். இடப்பக்கம் அரை அங்குலம் குறைந்திருக்கிறது. நோட்டில் வழக்கமாகப் பேனாவால்தான் எழுதுவேன். இதைப் பென்சிலில் எழுதினேன்.