முப்பது தாண்டி ஆசிரியராக வர நினைக்கும் மலையகத்தவருக்கு

கம்பெனியிலோ கடையிலோ சில வருடம் உழைத்துவிட்டுப் பாடசாலைக்கு வர விரும்புபவருக்குப் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி சரிவராது. அது உயர்தரப் பெறுபேற்றைப் பார்த்து இளையவர்களை எடுக்கும் இடம். கொட்டகலை ஆசிரியர் கலாசாலை ஏற்கெனவே சேவையில் இருப்பவர்களுக்கு. எஞ்சுவது பட்டம் பெற்றவர்களை ஆசிரியராக எடுக்கும் பட்டதாரி நியமனம்.

பலர் முதலில் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்குப் பணம் கட்டுகிறார்கள். அது தவறான வரிசை. நம் நாட்டில் ஆசிரியருக்கென்று தனி உரிமப் பத்திரம் கிடையாது. இலங்கை ஆசிரியர் சேவைக்குள் எடுக்கும் நியமனக் கடிதம்தான் எல்லாம். டிப்ளோமாவை உள்ளே போன பிறகு திறந்த பல்கலைக்கழகத்திலோ தேசிய கல்வி நிறுவகத்திலோ படிக்கலாம். வயதெல்லை அப்படிக் காத்திருக்காது. பெரும்பாலும் 35, சில ஆட்சேர்ப்பு அறிவித்தல்களில் 40. விண்ணப்ப முடிவுத் திகதியில்தான் வயதைக் கணக்கிடுவார்கள்.

மத்திய, ஊவா மாகாணங்களின் அறிவித்தல்களில் மொழிமூலத்தையும் பாடத்தையும் முதலில் பாருங்கள். உங்கள் பட்டத்தில் படித்த பாடம் வெற்றிடப் பாடத்தோடு பொருந்தாவிட்டால் புள்ளி எவ்வளவு எடுத்தும் பயனில்லை. இந்தியாவில் பட்டம் பெற்றவர்கள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரக் கடிதத்தை இப்போதே எடுத்து வையுங்கள்.

நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது பெயரில். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் தகப்பன் பெயர் சேர்ந்து இன்னொன்று, பட்டச் சான்றிதழில் எழுத்து மாறி மூன்றாவது. சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள். பிறப்புப் பதிவிலேயே பிழை என்றால் திருத்த மாதங்கள் ஆகலாம். மாகாணத்தில் வசித்ததற்குக் கிராம உத்தியோகத்தர் சான்றிதழும் வாக்காளர் இடாப்புப் பிரதியும் கேட்பார்கள். லயத்தில் ஒரே முகவரியில் பல குடும்பம் இருப்பதால், இடாப்பில் உங்கள் பெயர் விடுபட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு வருடமும் பாருங்கள்.

எழுத்துப் பரீட்சையில் பொது அறிவும் நுண்ணறிவும் வரும். கடந்தகால வினாத்தாள்களை நேரம் வைத்துச் செய்தாலே கை பழகிவிடும். செயன்முறைப் பரீட்சைதான் கவலை. வேலை அனுபவம் உள்ளவர்கள் அங்கே சொற்பொழிவு ஆற்றிவிடுகிறார்கள். கேட்பது ஒரு பாடத்தை நடத்திக் காட்டுவதை. தரம் 6 பின்னம் என்றால் தாளை நான்காக மடித்து, ஒரு பங்கை வண்ணமிட்டு, ‘மிச்சம் எவ்வளவு?’ என்று பிள்ளையிடம் கேட்பதுபோல் கேளுங்கள். பதிலுக்கு நின்று, பிறகு பலகையில் எழுதுங்கள்.

ஏற்கெனவே அரச வேலையில் இருப்பவர் திணைக்களத் தலைவர் ஊடாகவே விண்ணப்பிக்க வேண்டும். அந்தக் கையொப்பம் தாமதமாகும். அறிவித்தல் வந்த அன்றே கொடுத்துவிடுங்கள்.